வாசகர் கேள்வி - பதில்: ஆறு என்றால் தண்ணீர் மட்டுமா?

ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆறுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இடம் கிடைத்த வரைக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: திருச்சியில் அவ்வளவு அகலமாக ஓடுகிற காவிரி, பூம்புகாரில் கடலில் கலக்கும்போது ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறதே, தண்ணீரெல்லாம் எங்கே போகிறது? (சீர்காழி வாசகர்)

பதில்: வயலுக்குப் போகிறது. ஆனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் தஞ்சைச் சமவெளி எப்படி உருவானது என்று புரியும். பெரும்பாலான ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருத்துக்கொண்டே போகும். காவிரியும் கரூர் வரைக்கும் அப்படித்தான், பவானி, நொய்யல், திருமுக்கூடலூரில் அமராவதி என்று வரிசையாக வாங்கிக்கொண்டே வருகிறது. அதற்குக் கீழே கொடுக்கிற வேலை தொடங்குகிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, கடலுக்குப் போகிற வழியும் அதற்குத்தான் நேர்வழி, அதனால் விட்டால் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே சரிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்துகொண்டிருந்தது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, டெல்டாவுக்கு வருகிற தண்ணீர் வருஷா வருஷம் குறைந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பை மறித்து மேலணையைக் கட்டினார், தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடி பக்கத்தில் வருகின்றன. அங்கேயும் காவிரி கொள்ளிடத்துக்குள் விழப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் கல்லணை. மேட்டூர் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணை என்று நினைத்துக்கொண்டு கல்லணைக்குப் போகிறவர்கள், தேக்கமே இல்லையே என்று கேட்பார்கள். தேக்குவது அதன் வேலையே இல்லை, ஆறு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடுவதுதான் அதன் வேலை.

கல்லணையிலேயே வெண்ணாறும், 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயும் பிரிந்துவிடுகின்றன. அதற்கப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு, விக்ரமனாறு என்று பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து, வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் பிரிந்து, கடைமடை வயலின் வரப்பு வரைக்கும் காவிரி போகிறது. இந்த எல்லாப் பங்கும் போக, மேலையூர் கடையணையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற மிச்சம்தான் நீங்கள் பூம்புகாரில் பார்ப்பது. வெள்ளக் காலத்தில் உபரித் தண்ணீரைக் கொள்ளிடம் கொண்டுபோகிறது. உங்கள் ஊருக்கு வடக்கே கொள்ளிடம் பாலத்தில் ஏறி நின்று பாருங்கள், காணாமல் போன அகலம் அங்கே இருக்கும்.

கேள்வி: கல்லணையைக் கட்டியது கரிகாலன்தான் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருவதுதானா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கரிகாலனைப் பாடுகிற பட்டினப்பாலை, "காடுகொன்று நாடாக்கி, குளந்தொட்டு வளம்பெருக்கி" என்கிறது. காட்டை அழித்து நாடாக்கியதும் குளம் வெட்டியதும் அதில் இருக்கின்றன, கல்லணை இல்லை. செப்பேடுகளுக்கு வந்தால், கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்று தெலுங்குச் சோழர்களின் மாலேபாடு செப்பேடும், ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கின்றன. இரண்டுமே அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஆனால் ஒன்று ஆந்திரப் பக்கத்தில், இன்னொன்று இங்கே, இரண்டு கிளையும் தங்கள் முன்னோனைப் பற்றிச் சொல்வது இந்த ஒரே செயலை. அதனால் கரை கட்டியது கரிகாலன் என்று நம்ப இடம் இருக்கிறது. கல்லணையை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு, அந்த மரபை உதறித் தள்ள எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. அணையைவிடக் கரைதான் பெரிய காரியம். அணை ஒரு இடத்தில் இருக்கிறது, பார்க்கப் போகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். கரை மைல் கணக்கில் நீள்கிறது, அதை ஒரு தடவை போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் யாராவது மண் கொட்டி, நாணல் நட்டு, எலி வளையை அடைத்து, உடைப்பைக் கட்டியாக வேண்டும். கரைகள் நின்றதால்தான் சமவெளி நின்றது. அந்தக் கரையில் மண் சுமந்தவர்கள் ஒருவர் பெயரும் எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

கல்லணையின் கட்டுமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்தபோது, உள்ளே பெரிய கற்களும் களிமண்ணும்தான் இருந்தன. ஆற்று மணலில் பாறையைப் போட்டால் அது மெல்லப் புதையும், அதன்மேல் இன்னொன்று போட வேண்டும், அதுவும் கொஞ்சம் புதையும், இப்படிப் போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நகராமல் நின்றுவிடும். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்று இந்த மண்ணின் பழைய வேலைக்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் பாடப்புத்தகத்தில் ஆறு வரும்போதெல்லாம் "காவிரித்தாய்", "வைகை நங்கை" என்று வர்ணனையாகவே இருக்கிறது. இலக்கியத்தில் ஆற்றுக்கு அதைத் தவிர வேறு இடம் கிடையாதா? (கோவை கல்லூரி மாணவி)

பதில்: நல்ல கேள்வி அம்மா. பாடப்புத்தகத்தில் அப்படிப்பட்ட இடங்களையே தேர்ந்தெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்துக் கானல்வரியையே எடுத்துக்கொள். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழோடு காவிரியைப் பாடுகிறான்:

"உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை தண்பதங்கொள்
விழவர் ஓதை சிறந்தார்ப்ப நடந்தாய் வாழி காவேரி"

உழவர்கள் போடுகிற சத்தம், மதகில் தண்ணீர் பாய்கிற சத்தம், கரையை முட்டி உடைத்துக்கொண்டு போகிற நீரின் சத்தம், புதுவெள்ளத்தைக் கொண்டாட வந்தவர்களின் சத்தம். காதலி பக்கத்தில் இருக்க, கடற்கரையில் உட்கார்ந்து பாடுகிற பாட்டில் மதகு வருகிறது பார். மதகில்லாத காவிரியை அந்தக் கவிஞரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரிபாடலில் வையையைப் பற்றிய ஒரு பாட்டில், வெள்ளம் சிறையை, அதாவது ஆற்றின் தடுப்பை, உடைத்துவிட்டது, கரையை அடைக்க வாருங்கள் என்று பறை அடிக்கிறார்கள், ஊரே எழுந்து இரைகிறது. இதைப் படித்துவிட்டு, பல நூற்றாண்டு கழித்துப் பரஞ்சோதி முனிவர் எழுதிய திருவிளையாடல் புராணத்தில் மண் சுமந்த படலத்தைப் படி. பிட்டுக்கு மண் சுமந்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். வைகையில் வெள்ளம், கரை உடைகிறது, பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்துவிடுகிறான். பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, அவளுக்கும் பங்கு உண்டு, விலக்கு கிடையாது. சொக்கநாதர் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வேலையைச் சரியாகச் செய்யாமல் பிரம்படி வாங்குகிறார், அந்த அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. பக்திக் கதைதான், மதுரையில் ஆவணி மூலத்தில் இன்றும் புட்டுத்தோப்பில் விழா நடக்கிறது. ஆனால் அந்தக் கதைக்கு அடியில் ஒரு ஊர் ஏற்பாடு தெரிகிறது: கரை எல்லாருக்கும் சொந்தம், உடைந்தால் கிழவி உட்பட எல்லாரும் மண் போட வேண்டும். குடிமராமத்து என்று பின்னால் பேர் வந்த வழக்கம் இதுதான், 1858-ல் ஆங்கிலேய அரசு அதையே ஒரு சட்டமாக எழுதி வைத்தது.

கேள்வி: வைகையில் எப்போது பார்த்தாலும் தண்ணீர் இல்லை. சங்க காலத்தில் மட்டும் எப்படி அவ்வளவு பாடியிருக்கிறார்கள்? மிகைப்படுத்திவிட்டார்களா? (மதுரை வாசகி)

பதில்: இல்லை அம்மா, அந்தப் பாட்டுகளிலேயே பதில் இருக்கிறது. பரிபாடல் மொத்தம் 70 பாட்டு, அதில் 26 வையைக்கு உரியவை என்று ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. நமக்கு முழுசாகக் கிடைத்திருப்பவை 22, அதில் 8 வையைப் பாட்டுகள். அந்த எட்டிலும் திரும்பத் திரும்ப வருவது புதுப்புனல். மலையில் மழை, வெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தி, உடனே மதுரையே யானை, குதிரை, வண்டி என்று கிடைத்ததில் ஏறிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுகிறது. பன்னிரண்டு மாசமும் தண்ணீர் ஓடுகிற ஆற்றுக்கு இப்படி ஓடிப்போய்ப் பார்க்கிற ஆவல் ஏன் வர வேண்டும்? அப்போதும் பல மாதம் படுகை தெரியக் கிடந்து, வெள்ளம் வந்தால் திருவிழாவாக இருந்த ஆறுதான் அது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடுகிற, மழையை மட்டும் நம்பிய ஆறு.

அப்புறம் நடந்த மாற்றங்கள் இரண்டு. 1895-ல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை, மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் கொண்டுவந்தது. 1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. அதன் பிறகு பாசனத் தண்ணீரின் பெரும்பகுதி பேரணையிலேயே கால்வாய்க்குத் திரும்பிவிடுகிறது, மேலூர் வரை வயல் விளைகிறது, மதுரை நகருக்குள் ஆறு காய்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதற்கென்று அணையில் தனியாகத் திறந்துவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்குக் கீழே சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது வைகை. பெரிய வெள்ளம் வந்தால்தான் கடலைப் பார்க்கும்.

எனக்கு வைகை என்றால் ஞாபகம் வருவது சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை. கண்ணகியும் கோவலனும் மதுரைக்குள் நுழைவதற்கு முன் ஆற்றைக் கடக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு நேரப் போவது தெரிந்தவள் போல, வையை மேலெல்லாம் பூவைப் போர்த்திக்கொண்டு கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். அவர்களோ, "புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு" என்று வியந்து தொழுதுவிட்டு, மரப்புணையில் ஏறி அக்கரை சேர்கிறார்கள். நடக்கப் போவது ஆற்றுக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் மனசு கனத்துப் போகிறது.

கேள்வி: ஆற்று மணலை அள்ளக் கூடாது என்கிறார்கள். அடுத்த வெள்ளத்தில் ஆறே மணலைக் கொண்டுவந்து போட்டுவிடுமே, அப்புறம் என்ன நஷ்டம்? (கரூர் வாசகர்)

பதில்: ஒரு காலத்தில் போட்டது ஐயா, இப்போது அவ்வளவு போடுவதில்லை. மலையிலிருந்து வருகிற மணலும் வண்டலும் அணைகளில் படிந்து நின்றுவிடுகின்றன. மேட்டூர் அணை 1934-லிருந்து அதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு மேலேயும் அணைகள் இருக்கின்றன. சில நாளில் லாரியில் ஏறுகிற மணலை ஆறு திருப்பிப் போட எத்தனை காலம் ஆகும் என்று யோசியுங்கள்.

மணலில்தான் ஆற்றின் தண்ணீர் இருக்கிறது. மேலே ஒன்றுமே ஓடாத கோடையிலும், மணலின் இடுக்குகளில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும், மேல்மணல் காய்ந்து மூடி அதை வெயிலிலிருந்து காப்பாற்றும். ஊற்று தோண்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையால் முழங்கை ஆழம் பறித்தால் முதலில் கலங்கலாக ஊறும், அதைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தெளிந்த தண்ணீர் வந்து நிற்கும், அதை அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். நல்வழியில் ஔவை இதைத்தான் சொல்கிறார்: "ஆற்றுப் பெருக்கற் றடிசுடு மந்நாளுமவ்வாறு ஊற்றுப் பெருக்கா லுலகூட்டும்." மணல் காலைச் சுடுகிற நாளிலும் ஊற்றால் ஊருக்குச் சோறு போடும் ஆறு. இன்றைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போகிற தண்ணீர், திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்து எடுப்பதுதான். மணல் போனால் அந்தத் தண்ணீரும் போய்விடும்.

விவசாயிக்கு நேரடியாக விழுகிற அடி இன்னொன்று. படுகை ஒரு ஆள் ஆழம் இறங்கிவிட்டால், ஆற்றில் தண்ணீர் ஓடும், ஆனால் வாய்க்காலின் தலைமதகு உயரத்துக்கு அது ஏறாது. பக்கத்தில் ஆறு ஓட, வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் இடிந்து போனபோது, இத்தனை வருஷம் மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று டெல்டா விவசாயிகள் சொன்னார்கள். கட்டடத்தின் வயது, வெள்ளத்தின் வேகம் என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. எது எப்படியோ, 180 வருஷத்துக்கு மேல் நின்ற அணைக்கு அடியில் நிற்பது மணல்தான், அதை மறந்துவிடக் கூடாது.

புறநானூற்றில் 243-ஆம் பாட்டு ஒரு கிழவர் பாடியது, தொடித்தலை விழுத்தண்டினார் என்ற அவர் பெயரே அந்தப் பாட்டின் சொல்லிலிருந்து வந்தது. பெண்களோடு சேர்ந்து மணலில் பாவை பிடித்துப் பூச்சூட்டி விளையாடியதை நினைக்கிறார், தண்ணீர்மேல் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் அசந்துபோக, ஆழமான மடுவில் துடுமென்று குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்கிறார். கோல் ஊன்றி, இருமலுக்கு நடுவில் நாலு வார்த்தை பேசுகிற வயதில், கைக்குள் இருந்த அந்தப் பிடி மணல்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

கேள்வி: கொற்கை துறைமுகம் என்று படிக்கிறோம், போய்ப் பார்த்தால் சுற்றிலும் வயலும் வாழையுமாக இருக்கிறது. கடல் எங்கே சார்? (தூத்துக்குடி பள்ளி மாணவர்)

பதில்: கடலைத் தாமிரபரணி தள்ளிவிட்டது தம்பி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்த ஆறு, தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையிலும் தண்ணீர் பெறுவதால் நிறைய வண்டலைக் கொண்டுவந்து கழிமுகத்தில் கொட்டுகிறது. அது மேடாகி, கரை கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை, கிரேக்க மாலுமி ஒருவரின் பெரிப்ளூஸ் என்ற குறிப்புநூல் அங்கே கைதிகளை வைத்து முத்துக் குளித்ததைச் சொல்கிறது. இப்போது கடல் ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கொற்கை தூர்ந்த பிறகு கடலுக்கு இன்னும் பக்கத்தில் காயல் எழுந்தது, 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொல்கிற துறைமுகம் அதுதான், இன்றைய பழையகாயல் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். அதுவும் உள்ளே போய்விட, போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் வந்தது. ஆறு வண்டல் போடப் போட, துறைமுகம் அதன் பின்னாலேயே கடலைத் தேடி நகர்ந்திருக்கிறது. வரைபடத்தில் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார், நான் சொல்வது விளங்கும்.

காவிரிப்பூம்பட்டினத்துக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே கடல் உள்ளே வந்துவிட்டது. இந்திர விழாவை மறந்ததால் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையை 1960-களில் தோண்டி எடுத்தார்கள், படகு கட்டுவதற்கு நட்டிருந்த மரக்கம்பங்களின் அடிப்பகுதியும் கிடைத்தது. பள்ளியில் சுற்றுலா அழைத்துப்போனால் கொற்கையோடு ஆதிச்சநல்லூரையும் கேட்டுப் பார், அதுவும் உங்கள் ஆற்றங்கரைதான்.

கேள்வி: கம்பர் ராமாயணத்தை ஆற்றில் தொடங்குவது ஏன்? (நாமக்கல் வாசகர்)

பதில்: அவர் தேரழுந்தூர்க்காரர், வேறு எப்படித் தொடங்குவார்? வால்மீகியில் அப்படி ஒரு தொடக்கம் இல்லை. கம்பரில் பாயிரம் முடிந்ததும் ஆற்றுப் படலம், அதற்குப் பிறகுதான் நாட்டுப் படலம், நகரப் படலம். ஆறு வந்தால் நாடு, நாடு செழித்தால் நகரம் என்கிற வரிசையே காவிரிக் கரையில் வளர்ந்தவரின் வரிசை. பெயர் சரயு என்று இருந்தாலும் அந்த வெள்ளம் காவிரி வெள்ளம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் ஒரு பாட்டு, "முல்லையைக் குறிஞ்சி ஆக்கி மருதத்தை முல்லை ஆக்கி" என்று போகிறது. வெள்ளம் ஒரு நிலத்துப் பொருளை அடித்துக்கொண்டுபோய் அடுத்த நிலத்தில் போடுகிறது, அதனால் திணையே மாறிப்போகிறது. கொற்கை மாணவருக்கு மேலே சொன்னேனே, அதையேதான் கம்பர் நாலு அடியில் சொல்லிவிட்டார்.

கேள்வி: ஐயா, எங்கட யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் எண்டு ஔவையார் சொன்னது எங்களுக்குமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: வழுக்கை ஆற்றை விட்டுவிட்டீர்களே! மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது என்றாலும், கந்தரோடை போன்ற பழைய குடியிருப்பு அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. மற்றபடி குடாநாட்டில் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் நிற்கிறது, கிணறும் துலாவும் பட்டையும்தான் அங்கே விவசாயம் செய்த வழி. 1954-ல் பொறியியலாளர் ஆறுமுகம், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்றே ஒரு திட்டம் சொன்னார்: வன்னியில் கனகராயன் ஆற்றிலிருந்து வருகிற தண்ணீரை ஆனையிறவுக் கடலேரியில் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுபோய், தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை போட்டு உப்பை வெளியே நிறுத்துவது. துண்டு துண்டாக வேலை நடந்தது, முழுசாக முடியவில்லை.

கேள்வி: கூவம் உண்மையில் ஆறா, சாக்கடையா? (சென்னை வாசகர்)

பதில்: ஆறு. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஊர் இருக்கிறது, அங்கே திருவிற்கோலத்தைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றின் தண்ணீரில் பங்கு இதற்கு உண்டு. 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தபோது, ஆற்று வளைவு வேண்டும் என்று தேடித்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். சாக்கடையை அதில் விட்டது நகரம், பெயரைக் கெடுத்துக்கொண்டது ஆறு. மேல்பகுதிக்கு மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள், இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டீர்கள்.

கேள்வி: பெங்களூரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்ட வேண்டும். ஒரே நாளில் எங்கே கூட்டிப் போகலாம்? (கும்பகோணம் வாசகி)

பதில்: தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற சாலை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கலாம், ஒவ்வொரு பாலத்திலும் இறக்கிவிட்டு அகலத்தையும் தண்ணீரின் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். திருவையாற்றில் புஷ்யமண்டபப் படித்துறையில் காலை நனைத்துவிட்டு, மேற்கே கல்லணைக்கு வண்டியைத் திருப்புங்கள், மதியத்துக்குள் போய்விடலாம். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், ஆனால் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துத்தான் திறப்பார்கள், தேதி மாறும், அதனால் பேப்பரைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குறுவை நடவு நடக்கிற சமயமாக அமைந்தால் வயலையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: குளிக்க வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடித்தால், ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையாகப் பார்த்து இறக்குங்கள், கொள்ளிடத்தில் மட்டும் இறங்க விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும்.